பலகை மேல் துணி

மஞ்சள் நிறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை. மடக்கினால் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம், விரித்தால் தானாக நிற்கும். கால் வழுக்கி அந்தரத்தில் கிடக்கிற ஒரு மனுஷனின் படம், படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்: ஈரம். அந்தப் பத்து மாடி ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கிற பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு பலகை கொடுத்திருந்தார்கள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்குத்தான் அதற்கெல்லாம் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் அங்கே கிடையாது. சூப்பர்வைசருக்குப் பத்துப் பேரும் பத்து மாடிகள், அவ்வளவுதான். "ஏ நாலாம் மாடி, இங்க வா" என்பார். அந்த நாலாம் மாடிக்காரியின் கதை இது. ஆறாம் மாடி அவளுடைய நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி. கட்டினவன் கைவிட்டுவிட, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும், நாலு மாதம் கழித்து இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நாலாம் மாடிக்காரிதான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்கடியில் இருந்தால் என்னென்ன நடக்கும் என்று அக்கம்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பாவம், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சோப்புக் கட்டியை இரண்டாக அறுத்துக்கொண்டு, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கியபடி வேலைக்குப் போய் வந்தார்கள்.

காலை ஆறரைக்கு வந்தால் மாலை நாலு வரை நின்றாக வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி. மற்றபடி உட்கார்ந்து பார்த்துவிட்டால் சூப்பர்வைசர் நோட்டில் மாடியை எழுதிக்கொள்வார். மூன்று முறை எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த அநியாயத்துக்கு வழி கண்டுபிடித்தவள் நாத்தனார். பின்பக்கத்து மாடிப்படியில், ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தளம் இருந்தது. கேமரா ஐந்தாம் மாடி வாசலோடு சரி, திருப்பம் அதன் கண்ணில் படாது. கீழே நாலாம் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே படியின் தலைப்பில் பலகையை வைத்துவிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சூப்பர்வைசர்கூடத் தன் பாலிஷ் போட்ட ஷூவை நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்.

ஆக, ஊருக்கெல்லாம் வராதே என்று சொன்ன பலகை அந்தப் பத்துப் பேருக்கு மட்டும் வா என்று சொன்னது. பலகை நின்றால் நாலாம் மாடிக்காரி உள்ளே இருக்கிறாள், பத்து நிமிஷம் காலை நீட்டலாம் என்று அர்த்தம். நாத்தனார் நீட்டுகிற கால் நீளம், வாய் அதைவிட நீளம்.

"ஒரே சொல்லு, எத்தனை வேலை பாக்குது பாருங்க அண்ணி," என்பாள், கணுக்காலைப் பிடித்துவிட்டபடி. "தரையில ஈரம்னா ஆபத்து. மனசுல ஈரம்னா நல்லவங்க. வயித்துக்கு இல்லேன்னா ஈரத்துணி. பயந்துட்டா ஈரக்குலை. நமக்கு மட்டும்தான் ஈரம்னா உக்காருற இடம்."

"சத்தமா சிரிக்காதடி, அந்தாளு வந்துடப் போறாரு."

"வரட்டும். அவரு நெஞ்சு மேலயே பலகையை மாட்டி விட்டுடுறேன். அப்பவாவது அங்க கொஞ்சம் ஈரம் இருக்குன்னு நாலு பேரு நம்பட்டும்."

ஒரு தடவை, படி உண்மையாகவே நனைந்திருந்தபோது ஒன்பதாம் மாடிக்காரி பலகையைப் பார்த்துக் குஷியாக இறங்கி வந்து சறுக்கி, கைப்பிடியைப் பற்றித் தப்பித்தாள். அன்றைக்கே நாத்தனார் இன்னொரு விதியும் போட்டாள். நிஜமாகவே ஈரம் என்றால் பலகை மேல் ஒரு துடைக்கிற துணி தொங்க வேண்டும். துணி தொங்கினால் வராதே, வெறும் பலகை என்றால் வா. பத்துப் பேரும் தலையாட்டினார்கள். நாலு வருஷம் ஒரு குறையும் வரவில்லை.

அன்றைக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. வழக்கமாக மூன்றரை மணிக்கு மேல் கழுவுகிற பின்படியைப் பத்தரை மணிக்கே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார் சூப்பர்வைசர். நாலாம் மாடிக்காரி ஐந்தாம் மாடி வாசலில் பலகையை வைத்தாள், மறக்காமல் துணியையும் போட்டாள், படிப்படியாகத் தேய்த்துக்கொண்டே இறங்கித் திருப்பம் வரை வந்துவிட்டாள். மேலே சூப்பர்வைசரின் குரல் கேட்டது.

"நாலாம் மாடி, இதென்ன கோவணம் மாதிரி தொங்குது? வர்றவங்க போட்டோ எடுப்பாங்க. எடு இதை."

அவள் ஓரமாகக் கால் வைத்து மேலே ஏறி வந்தாள். சொல்ல ஒரு வாக்கியம் போதும். சார், இது இருக்கட்டும், எங்காளுங்களுக்கு ஒரு அடையாளம். ஆனால் எதற்கு அடையாளம் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பத்துப் பேரின் பத்து நிமிஷமும் போய்விடும், யார் கண்டது, வேலையும் போய்விடும். நான்தான் இங்கேயே நிற்கப் போகிறேனே, யாராவது வந்தால் ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது என்று நினைத்துத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போய் காஞ்ச மாப்பு எடுத்துட்டு வா. அவங்க வர்றதுக்குள்ள சொட்டு ஈரம் இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மாப்பு நாலாம் மாடி அலமாரியில் இருந்தது. போய் வர ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. அவள் இறங்கிக் கதவைத் திறந்து உள்ளே போய் அலமாரிக் கொக்கியில் கை வைத்தபோது, படிக்கட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அண்ணி, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, இன்னிக்கு என் காலு..."

காலுக்கு என்ன என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. ஒரு பக்கெட் உருண்ட மாதிரி சத்தம் வந்து, உடனே நின்றும்போனது. நாலாம் மாடிக்காரிக்கு ஈரக்குலை நடுங்கியது. ஓடிப் போய்க் கதவைத் தள்ளினால், திருப்பத்தில், அவர்கள் இருவரும் காலை நீட்டி உட்காருகிற அதே இடத்தில், நாத்தனார் சுவரோடு மடங்கிக் கிடந்தாள். சோப்புத் தண்ணீர் அவள் முடிக்கடியில் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே கிடந்தாள். உதடு வெடித்துவிடாமல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். நாலாம் மாடிக்காரி வைத்துக்கொண்டே இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் குறுக்கே கட்டிய கயிற்றில் நாத்தனாரின் இன்னொரு யூனிஃபார்ம் தொங்கியது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் துவைத்துப் போட்டது. கையை வைத்துப் பார்த்தாள். கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்று முழுக்க அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

எல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, புருஷனும் அவளும் மேலாளர் அறைக்குக் கூப்பிடப்பட்டார்கள். கம்ப்யூட்டரில் அந்த ஒரு நிமிஷத்துக் கேமராப் படத்தை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். ஐந்தாம் மாடி வாசல், மஞ்சள் பலகை, நாத்தனார் வருகிறாள். பலகையைப் பார்க்கிறாள். பார்த்தது நன்றாகவே தெரிந்தது. முகம்கூட மலர்ந்தது. பலகையைச் சுற்றிக்கொண்டு வேகமாக இறங்கி, படத்தைவிட்டு வெளியே போனாள்.

சூப்பர்வைசர் டைப் செய்த தாளை வாசித்தார். எச்சரிக்கைப் பலகை முறைப்படி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் இறந்தவர் படியில் இறங்கினார். வாசிக்கும்போது அவர் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. துணியை எடுக்கச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அவருக்கு அது ஒரு அழுக்குத் துணி.

"பலகை வெச்சியா நீ?" என்று புருஷன் அவளிடம் கேட்டான்.

"வெச்சேன்," என்றாள். அது நிஜம். கையெழுத்துப் போட்டாள்.

புருஷன் ஒரு கிடங்கில் காவலுக்கு இருந்தவன். கிடங்கை மூடி அஞ்சு மாதமாக வீட்டோடு கிடந்தான். இரக்கப்பட்டு, காலியான இடத்தை அவனுக்கே கொடுப்பதாக மேலாளர் சொன்னார். அடுத்த வாரமே அவன் மாப்பும் பக்கெட்டுமாக மேலே ஏறினான். மார்பில் குத்திக்கொள்ளப் பழைய பேட்ஜையே கொடுத்தார்கள், எண் ஆறு. "ஏ ஆறாம் மாடி" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தபோது, கீழே நாலாம் மாடிக்காரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி உயிர் வந்த மாதிரி இருந்தது, உடனே போய்விட்டது.

அவன் அழவே இல்லை. அவனுக்கு வந்ததெல்லாம் கோபம். தூக்கி வளர்த்த தங்கச்சி, எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், இப்படிப் பொறுப்பில்லாமல் செத்துப்போய்விட்டாளே என்கிற கோபம். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானே? கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கண்ணைப் பிடரியிலயா வெச்சிருந்தா?"

அவள் பேசாமல் பரிமாறுவாள்.

"சிரிச்சுக்கிட்டே போறா பாத்தியா? எதுலயும் விளையாட்டு. சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான், சொல்லுறதைக் கேக்கவே மாட்டா."

சொல்லுறதைக் கேட்கிறவளாக இருந்ததால்தான் செத்தாள் என்று அவளுக்கு நெஞ்சுக்குள் கத்தும். பலகை சொன்னதைக் கேட்டுத்தான் வந்தாள். ஆனால் வாய் திறந்தால் முழுவதையும் சொல்ல வேண்டி வரும். முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாள் கொஞ்சம் கஷ்டம், பத்தாம் நாள் இன்னும் கஷ்டம். இருபதாம் நாளில், சொல்லாமல் இருந்ததே ஒரு தனிக் குற்றமாக வளர்ந்து நின்றது. எல்லாவற்றையும் மென்று முழுங்கினாள். அவன் திட்டத் திட்ட, செத்தவள் வீட்டுக்குள் இரண்டாம் தடவை விழுந்துகொண்டிருக்கிறாள் என்று பட்டது. ஒவ்வொரு தடவையும் தள்ளிவிடுவது தன்னுடைய கைதான் என்றும் பட்டது.

மற்ற எட்டுப் பேரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். "அவருகிட்ட மட்டும் உக்காருற விஷயத்தைச் சொல்லிடாதீங்க." அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவள் மேல் பரிவு பாதி, தங்கள் வயிற்றைப் பற்றின பயம் பாதி.

ஒன்றரை மாதம் யாரும் அந்தத் திருப்பத்தில் உட்காரவில்லை. பிறகு, ஏழாம் மாடியில் துடைக்கிற பெரியவர் ஒருநாள் அவளைத் தனியாக நிறுத்தினார். "தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதே. பலகையை வையேன். முழங்கால் என்னைக் கேக்காமலே மடியுது." அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் கால் வலித்தது. நாத்தனார் விழுந்த இடத்தில் மறுபடியும் போய் உட்கார முடிந்ததே என்று அவளுக்கே அவள் மேல் அருவருப்பு. ஆனாலும் உட்கார்ந்தாள், வெறும் படியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு.

புருஷன் பலகைகளை மதிக்கிறவனாக ஆகியிருந்தான். எங்கே மஞ்சள் தெரிந்தாலும் நின்றுவிடுவான். தரை பளபளவென்று காய்ந்திருந்தாலும் சரி, சுற்று வழியில்தான் போவான். தங்கச்சி செய்யாததைத் தான் செய்து காட்டுகிற மாதிரி ஒரு வீம்பு. கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகிய கால் அவனுடையது. ஆறே வாரத்தில் கணுக்கால் வீங்கி, ஷூவின் கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தான் நடந்தான். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு நாள் பதினொரு மணிக்கு, அவள் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது மேலே காலடி கேட்டது. ஏழாம் மாடிப் பெரியவர்தான் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். காலடி பலகைக்கு முன்னால் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தாள். புருஷன். ஒன்பது படிகளுக்கு மேலே, கைப்பிடியில் முழு எடையையும் போட்டுக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் நின்றான். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"ஈரமா இருக்கா?" என்று கேட்டான்.

பொய் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. ஆமாங்க, சுத்தி வாங்க என்றால் முடிந்தது. நம்புவான். அவளை அவன் எப்போதும் நம்பினான், அதுதான் தாங்க முடியவில்லை. தளர்ந்த ஷூக் கயிறோடு அவன் நின்ற இடம், படத்தில் நாத்தனார் முகம் மலர்ந்து நின்ற அதே இடம். வலித்தது அதே கால்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல," என்றாள். "காஞ்சுதான் இருக்கு. வாங்க."

"காஞ்சிருந்தா எதுக்குப் பலகை?"

"உக்காருறதுக்கு. உக்கார விட மாட்டாங்கல்ல, அதனால பலகையை வெச்சிட்டு உக்காருவோம். எல்லாருமே. நாலு வருஷமா."

அவனுக்கு முதலில் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு அது பாதியில் நின்றுபோனது.

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு நிஜ ஈரம்."

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் உக்காந்திருக்கேன்னு நினைச்சுத்தான் வந்தா. அண்ணி, நகர்ந்து உக்காருங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தா. கால் வலின்னு சொல்ல வந்தா. என் காதுல விழுந்துச்சு."

அவன் கைப்பிடியை மாற்றிப் பிடித்தான். "அப்ப அவ பலகையைப் பாக்காம வரல."

"இல்லங்க. பாத்துட்டுத்தான் வந்தா."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பழி பத்துப் பேருக்கும் பங்காகப் போயிருக்கும். அவனும் கத்திவிட்டு, கடைசியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பான். ஆனால் இரண்டு மாதமாக அடைத்து வைத்தது வெளியே வர ஆரம்பித்துவிட்டது, அவளால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

"நிஜ ஈரம்னா பலகை மேல ஒரு துணி போடணும். அதான் அடையாளம். அவதான் அந்த விதியைப் போட்டா. அன்னிக்கு நானும் போட்டேன். சூப்பர்வைசர் அசிங்கமா இருக்கு எடுன்னாரு. எடுத்துட்டேன்."

"எதுக்குன்னு அவருகிட்ட சொல்லலையா நீ?"

"சொன்னா நாங்க உக்காருறது தெரிஞ்சுபோயிடும்னு சொல்லல."

கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் மணி அடித்தது. அவன் குரல் உயரவே இல்லை.

"ரெண்டு மாசமா தினமும் அவளைத் திட்டினேன். செத்தவளை, வாய்க்கு வந்தபடி. நீ எதிர்ல நின்னு பரிமாறிக்கிட்டே இருந்தே."

அவள் எழுந்தாள். இரண்டு படி ஏறினாள். அவன் கையை நீட்டி அவளை நிறுத்தினான். கோபமாகக்கூட இல்லை, தெரியாத ஆளை நிறுத்துகிற மாதிரி. தன் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து உதறினான். பலகையின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி மெல்ல இழுத்துச் சரிசெய்தான். பிறகு திரும்பி, ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கியபடி ஆறாம் மாடிக்கு ஏறிப் போனான்.

அவள் திரும்பி வந்து திருப்பத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏழாம் மாடிப் பெரியவர் தன் முறைக்காக இறங்கி வந்தார். துணியைப் பார்த்ததும் முதல் படியில்கூடக் காலை வைக்காமல் நின்றுகொண்டார்.

"என்ன தங்கச்சி, நிஜமாவே ஈரமா?"

தனக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த ஒன்பது படிகளையும் அவள் பார்த்தாள். எல்லாம் காய்ந்து, தூசிகூடத் தெரிந்தது.

"ஆமாண்ணே, நிஜம்தான். வராதீங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறிப் போனார்.